அரிசியும் ஆயுள் கணக்கும்

சென்ற நூற்றாண்டின் ஆரம்பத்தில், மலாய் நாட்டு ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரைக் கூட்டங்கூட்டமாக வாரிக்கொண்டு போன பெரிபெரி என்னும் நோய், அதே மண்ணில், அதே மழையில், மேலான வாசஸ்தலம் என்று எவரும் சொல்லத் துணியாத லயங்களில் வாழ்ந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரை ஏறக்குறையத் தீண்டாமலே விட்டது. கால் வீங்கும், முழந்தாளுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து, விரலை எடுத்த பின்னும் அப்படியே நிற்கும், பாதம் மரத்துப் போகும், குந்தியவன் கையூன்றாமல் எழமாட்டான், முற்றிய நிலையில் இருதயம் ஓய்ந்துவிடும். இவ்வளவு பிரத்தியட்சமான வியாதி ஒரு ஜாதியாரை அடித்து மற்றொரு ஜாதியாரை விட்டது ஏன் என்ற வினாவை, வெறும் வியப்போடு விட்டுவிடாமல், எண்ணிக்கையைக் கொண்டு விசாரிக்கத் துணிந்தவர் நெகிரி செம்பிலானின் அரசாங்க வைத்தியராக இருந்த லெனார்டு பிராடன்.

அவர் 1907-இல் வெளியிட்ட பெரும் நூலின் சாரம் இதுதான்: சீனர் உண்டது ஆலையில் தீட்டிய சயாம் பச்சரிசி, கிராமத்து மலாய்க்காரர் உண்டது வீட்டு உரலில் அவ்வப்போது குத்திய புது அரிசி, தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோய் முதல் வகுப்பாரிடம் மிகுதி, மற்ற இருவரிடமும் அற்பம். வைத்தியசாலைக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திராது. எத்தனை பேர் நோயுற்றனர் என்பதோடு, எத்தனை பேரில் அத்தனை பேர் என்பதையும் கேட்டதால்தான் தெரிந்தது. அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்பதற்குத்தான் பொறுமையும் நாணயமும் வேண்டும்.

இந்த ஆராய்ச்சிக்குத் துணையாக இரண்டு பரீட்சைகள் நடந்தன. கோலாலம்பூர் மனநோய் விடுதியில் வைத்தியர் வில்லியம் ஃபிளெட்சர், 1905 டிசம்பரில், நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்குப் புழுங்கலரிசியும் ஓராண்டுக்கு மேல் அளித்தார். பச்சரிசி உண்டவரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் உண்டவரில் ஒருவரும் மாளவில்லை. இன்றைய நீதிக்கண்ணால் பார்த்தால், சம்மதம் கேட்கப்படாத அந்த மனிதர்களை நினைத்து நெஞ்சு கூசுகிறது. ஆயினும் அவர் செய்த பங்கீட்டின் நேர்மையை மறுக்க இயலாது. பின்னர் 1907-இல், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் ஸ்டாண்டனும், ஜெலுபு மாவட்டத்து டூரியான் திப்புஸ் காட்டில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவாக்காரக் கூலியாட்களை இரு பிரிவாக்கி அவ்வாறே அரிசி மாற்றிக் கொடுத்தனர். ஏறத்தாழ மூன்று மாதத்தில் பச்சரிசிப் பிரிவில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றியதும் நின்றது. மற்ற பிரிவுக்குப் பச்சரிசி போனதும் நோயும் அங்கே தொடர்ந்து சென்றது.

இதில் எனக்கு மிகவும் ரசமாகப் படுவது பிராடனின் பிழைதான். கெட்டுப்போன அரிசியில் பூசணத்தால் உண்டாகும் ஒரு விஷமே காரணம் என்பது அவருடைய சித்தாந்தம். அது தவறு. நெல்லை ஊறவைத்து அவிக்கையில் தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பங்கு மணிக்குள் இறங்கிவிடுவதால், ஆலை உமியையும் தவிட்டையும் எவ்வளவு சுரண்டினாலும் அது முழுதும் அழியாமல் தங்குகிறது; அந்தச் சத்து தயமின் என்று பின்னாளில் பெயர் பெற்றது; யான்சன், டோனாத் என்னும் விஞ்ஞானிகள் 1926-இல்தான் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தனர். காரணம் இன்னதென்று பிராடன் அறியாவிட்டாலும், பந்தியில் எந்த அரிசியை மாற்ற வேண்டும் என்பதை அவருடைய கணக்கு சரியாகவே காட்டிவிட்டது. நம் பாட்டிமார் அண்டாவில் நெல் அவித்ததற்கும் சத்தைப் பற்றிய ஞானம் காரணமன்று. நெல் குத்தும்போது நொய்யாகாமல் இருக்கும், சோறு வயிற்றில் நிற்கும் என்பதே காரணம்.

ஆனால் பெரிபெரிப் பட்டியல் ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத் தமிழன் சௌக்கியமாக இருந்தான் என்று எவராவது தீர்மானித்தால், அது கொடிய அபத்தம். அவனைக் கொன்றது மலைக் காய்ச்சல் என்னும் மலேரியா. கிள்ளான் பகுதியில் 1901 முதல் பணிபுரிந்த வைத்தியர் மால்கம் வாட்சன், தோட்டந்தோட்டமாகச் சென்று குழந்தைகளின் இடது விலாவின்கீழ் விரலால் அழுத்தி, மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு இத்தனை என்று பதிந்தார். மரணக் கணக்கு ஏய்க்கும். நோயோடு கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கியபின் மாண்டவன் எந்தத் தோட்டத்து இறப்பிலும் சேரமாட்டான். பெரட்டு என்னும் காலை அணிவகுப்பில் பெயர் கூப்பிடும்போது, ஓடிப்போனவன் என்று செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் அடிக்கப்பட்டவனின் கதியும் அப்படித்தான். குழந்தையின் மண்ணீரலோ அந்த இடத்து நோயை அப்படியே காட்டிக்கொடுக்கும். சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் போட்டால் குறைந்த காய்ச்சல், மலைப்பாங்கான தோட்டங்களில் அதே வெட்டினால் பெருகியது என்பதை இந்த மண்ணீரல் கணக்கே காட்டிற்று. நிழல் நீங்கி வெயில் விழும் தெளிந்த ஓடையில் முட்டையிடும் கொசு ஒன்று அதற்குக் காரணம். குன்றும் பள்ளமுமான நெகிரி செம்பிலான் நிலத்துக்கு இந்தப் பாடம் எவ்வளவு பொருந்தும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இறப்பையும், இறவாமல் நொந்து கிடப்பதையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா என்ற கேள்விக்கு, 1990-களில் கிறிஸ்டோபர் மரே, ஆலன் லோபஸ் என்ற ஆய்வாளர்கள் விடை சொல்ல முற்பட்டனர். உலக வங்கியின் 1993-ஆம் ஆண்டு அறிக்கை அதைப் பிரசித்தப்படுத்தியது. அகாலத்தில் இழந்த ஆண்டுகள் ஒரு பங்கு; ஊனத்தோடு கழித்த ஆண்டுகளை அதன் கடுமைக்கேற்ப ஒரு பின்னத்தால் பெருக்கியது மற்றொரு பங்கு; இரண்டும் கூடியதே நோய்ச்சுமை. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பின்னத்தை யார் வகுப்பது? முழுக் குருட்டுத்தன்மைக்கு முதலில் 0.6 என்றனர், 2010-ஆம் ஆண்டுக்கான நோய்ச்சுமை ஆய்வில் அது 0.2-க்கும் கீழே இறங்கியது. கண்ணிழந்தவரின் துன்பம் இடையில் மாறவில்லை. கேட்கப்பட்ட ஆட்களும் கேட்ட விதமும் மாறின.

இன்றைய எண்களைப் படிப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மலேசிய தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019-இல் வயது வந்தோரில் நீரிழிவு 18.3 சதவீதம்; நெகிரி செம்பிலானில் 33.2, இந்திய வம்சாவளியினரிடம் 31.4. இரண்டையும் ஒட்டவைத்து, மாநிலத்தின் கேட்டுக்கு இந்தியரே காரணம் என்று அவசரப்படுவோர் உண்டு. அங்கே இந்தியர் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கினர்; மற்றவரிடம் நோய் நாட்டுச் சராசரி அளவே என்று கொண்டு, இந்தியர் ஒருவர் விடாமல் நோயாளிகள் என்று வைத்துக்கொண்டாலும் 33 வராது. இன்னொன்றும் உண்டு. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, சிரம்பானின் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இந்த அட்டவணைகளில் நகரவாசிகள். மாநிலம், இனம், நகரம், கிராமம் என்று பத்திகள் இருக்கின்றன. தோட்டம் என்ற பத்தி இல்லை. முப்பது வருஷம் பால் வெட்டிய ஒருவர், சர்க்கரை நோயால் விரல் அகற்றப்பட்ட காலுடன் மூன்றாம் மாடியில் உட்கார்ந்திருந்தால், அவருடைய ஊனம் கணக்கில் ஏறும். அது எந்த வாழ்க்கையிலிருந்து வந்தது என்பது ஏறாது.