துறைமுகத்தின் அக்கரை



இலங்கையின் வரைபடம் ஒன்றைக் கையில் எடுத்துக் கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் விரலை வைத்து வடக்கிலிருந்து மெல்லக் கீழே இறக்குங்கள். ஓரிடத்தில் கடல் நிலத்துக்குள் புகுந்து, விரித்த கை போலப் பரந்து கிடக்கும். அதுதான் திருகோணமலை. ஊர்க்காரர்கள் சுருக்கமாகத் 'திருமலை' என்பார்கள்.

உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று இது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் அந்தத் துறைமுகத்துக்கு ஓர் அக்கரை உண்டு. அங்கே நம் சகோதரிகள் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பாடப் புத்தகம் அதிகம் பேசுவதில்லை. நாம் கொஞ்சம் பேசுவோமே!

ஆறும் கடலும் கூடுமிடம்

திருமலை நகரம் வடகரையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே அகன்று கிடப்பது கொட்டியாரக் குடா. குடாவின் தென்கரையில் மூதூர். மேற்கே, நீரால் சூழப்பட்டாற்போல் கிண்ணியா. இரண்டும் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர்கள். நெல் வயல், மீன்பிடி, மாட்டுப் பட்டி என்று இவர்கள் பிழைப்பு நடக்கிறது.

இலங்கையின் மிக நீளமான ஆறு மகாவலி. மலைநாட்டில் பிறந்து, கண்டி நகரைத் தொட்டுக்கொண்டு, 335 கிலோ மீட்டர் ஓடி, கடைசியில் மூதூருக்கு அருகே இந்தக் குடாவில்தான் விழுகிறது. ஆற்று முகமும் கடல் துறையும் ஒன்றாக அமைந்த இடம் என்பதால், கண்டி அரசருக்குக் கொட்டியாரம் ஒரு கடல் வாசலாக இருந்தது. வடக்கே வன்னி, தெற்கே மட்டக்களப்பு, மேற்கே கண்டி அரசின் காடுகள் என்று மூன்றும் சந்திக்கும் எல்லை நிலம் இது. இன்றும் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் மூவரும் இம்மாவட்டத்தில் கலந்து வாழ்கிறார்கள். 2012-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, மாவட்ட மக்களில் நூற்றுக்குச் சுமார் 40 பேர் முஸ்லிம்கள்.

ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர்!

ஆழமான நீர், காற்றுக்கு மறைவான கரை. கப்பற்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 1624-இல் போர்த்துக்கீசர் பழம்பெரும் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். 1639-இல் டச்சுக்காரர் அதைப் பிடித்தனர். 1672-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் வந்து பார்த்தன. 1782-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். பிறகு மீண்டும் டச்சுக்காரர் கைக்குப் போய், 1795-இல் ஆங்கிலேயர் வசமே ஆனது.

இந்தக் கரையில் அகப்பட்டுக் கொண்டவர்களும் உண்டு. புயலில் சேதமான 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரத்தில் நிறுத்தினார்கள். 1660-இல் கண்டி அரசரின் ஆட்கள் அதன் தலைவரையும், அவர் மகன் ராபர்ட் நொக்ஸையும், துணை வந்தவர்களையும் பிடித்துச் சென்றனர். தந்தை சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்குப் பின் தப்பி, தான் கண்ட இலங்கையைப் பற்றி 1681-இல் நூல் வெளியிட்டார். அக்கால மக்களின் உணவு, உடை, பழக்கவழக்கம் பற்றி அறிய அது இன்றும் பயன்படுகிறது.

இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று, ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தின்மீது குண்டு வீசின. 1957-இல்தான் ஆங்கிலேயர் தம் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள்.

பாதை என்றால் மிதவை

இத்தனை வல்லரசுகள் வந்து போயின. கோட்டை கட்டினார்கள், எண்ணெய்த் தாங்கிகள் கட்டினார்கள். அக்கரை மக்களுக்கு ஒரு பாலம்?

கிண்ணியாவுக்கும் திருமலைச் சாலைக்கும் நடுவே கடல் நீர் ஓடுகிறது. அதைக் கடக்க மிதவைதான் இருந்தது. மனிதரையும் வாகனத்தையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் அந்த மிதவைக்குக் கிழக்கிலங்கையில் என்ன பெயர் தெரியுமா? 'பாதை'! மூதூரிலிருந்து நகரத்துக்கு மோட்டார்ப் படகில் குடாவைக் கடக்க வேண்டியிருந்தது. சுமார் ஒரு மணி நேரப் பயணம். மூதூரில் பிறந்த எழுத்தாளர் வ. அ. இராசரத்தினம் தம் புகழ்பெற்ற சிறுகதைக்குத் 'தோணி' என்று பெயர் வைத்ததில் வியப்பில்லை.

நள்ளிரவில் பிரசவ வலி வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள், சகோதரிகளே. பெரிய ஆஸ்பத்திரி அக்கரையில். துறையில் 'பாதை' இருக்க வேண்டும். அதை ஓட்ட ஆள் இருக்க வேண்டும். காற்றும் அடங்கியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே திருமணமானதும் மணமகன் மனைவி வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். பெற்றோர் அரும்பாடுபட்டு மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். ஆகவே அங்கே வீடு என்பது பெரும்பாலும் பெண்ணுடைய வீடு. அதை இழந்தால் அவள் இழப்பது கூரையை மட்டுமல்ல. தன் காலூன்றி நின்ற இடத்தையே.

கடலும் போரும்

2004 டிசம்பர் 26. சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் தாக்கியது. கிண்ணியாவின் ஆஸ்பத்திரியையே அலை அழித்தது. அந்தக் காயம் ஆறுமுன், 2006 ஆகஸ்டில் மூதூரில் போர் மூண்டது. பல்லாயிரம் முஸ்லிம்கள் கைக்குழந்தைகளோடு வீடு வாசலை விட்டுக் கந்தளாய் சென்று முகாம்களில் தங்கினார்கள். அதே மாதம், மூதூரில் நிவாரணப் பணி செய்த தொண்டு நிறுவன ஊழியர் 17 பேர் கொல்லப்பட்டனர். அவர்களில் தமிழரும் இருந்தனர், முஸ்லிமும் இருந்தார். வாரங்கள் சென்றபின் மூதூர் மக்கள் திரும்பி வந்து, உடைந்த சுவர்களை மறுபடி எழுப்பினார்கள்.

போர் ஓய்ந்த 2009-ஆம் ஆண்டில், அக்டோபர் மாதம், கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. சவூதி அரேபியாவின் நிதியுதவியில் எழுந்தது. நீளம் சுமார் 396 மீட்டர். அதைத் தொடர்ந்து மூதூர்ச் சாலையிலும் பாலங்கள் வந்தன. தலைமுறை தலைமுறையாகத் துறையில் காத்து நின்றவர்கள் நின்ற காலிலேயே அக்கரை போனார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கிண்ணியாவுக்கு அருகே குறிஞ்சாக்கேணியில் புதுப் பாலம் கட்டும் வேலை நடந்து கொண்டிருந்ததால், மக்கள் மறுபடியும் மிதவையில் போய்வந்தார்கள். 2021 நவம்பர் 23 காலை அது கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போகப் புறப்பட்ட பிள்ளைகள் அதில் இருந்தனர். குறைந்தது ஆறு உயிர்கள் போயின. புத்தகப் பையோடு அனுப்பிய பிள்ளையைத் தாய் எப்படித் திரும்ப வாங்கியிருப்பாள்! இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

சகோதரிகளே, ஓர் ஊரின் பெருமையை அங்கு வந்து நிற்கும் கப்பல்களைக் கொண்டு எண்ணுவது உலக வழக்கம். அந்த ஊர்த் தாய் எண்ணுவது வேறு: காலையில் போன பிள்ளை மாலையில் நனையாமல் வந்ததா என்பதைத்தான் அவள் பார்க்கிறாள். உங்கள் ஊரிலும் வாய்க்கால் இருக்கும். ரயில் தண்டவாளம் இருக்கும். பிள்ளைகள் தினமும் அதைக் கடந்து பள்ளிக்குப் போவார்கள். பாலத்துக்குக் கோரிக்கை எழுதும்போது ஆண்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதாது. அந்தக் கரையில் காத்து நிற்பது நாம்தானே? முதல் கையெழுத்து நம்முடையதாக இருக்கட்டும்.