உலோகத்திலும் கண்ணாடி உண்டு

கண்ணாடி என்றதும் ஜன்னல் வழியே பார்க்காதீர்கள். நான் சொல்லவருவது ஒளி புகாத கண்ணாடி. பார்வைக்குப் பளபளன்னு உலோகத்தகடு மாதிரியே இருக்கும், உலோகம்தான். அணுக்கள் மட்டும் கண்ணாடியில் இருப்பதுபோல, வரிசையில்லாமல் கலைந்து கிடக்கும்.

உருகிய உலோகம் ஆறும்போது அணுக்கள் வரிசைகட்டிப் படிகமாகிவிடும். அதற்கு அவகாசமே தராமல் குளிரவைத்தால்? 1960-ல் கால்டெக்கில் போல் டுவேயும் சகாக்களும் தங்கம்-சிலிக்கன் கலவையை நொடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் குளிர்வித்தார்கள். கிடைத்தது மெல்லிய செதில். 1993-ல் அதே இடத்தில் பீக்கரும் ஜான்சனும் ஜிர்கோனியம், டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் ஐந்தையும் கலந்தார்கள். வெவ்வேறு அளவு அணுக்கள். நெரிசலில் வரிசைகட்டத் திணறின. நொடிக்குச் சில டிகிரி குளிர்ந்தாலே போதும் என்றாகி, சென்டிமீட்டர் கணக்கில் கட்டியாக வார்க்க முடிந்தது.

சரி, இதனால் என்ன லாபம்?

படிக உலோகம் வளைவது கம்பளிப்பூச்சி நகர்வதுபோல. பூச்சி மொத்த உடம்பையும் ஒரேயடியாகத் தூக்காது. முதுகில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதை முன்னே தள்ளும். படிக வரிசையில் உள்ள பிசகுகள்தான் அந்த மடிப்பு. அதனால் குறைந்த விசையிலேயே அணுவரிசைகள் சறுக்கும். கண்ணாடியில் வரிசையே இல்லை, வரிசைப்பிசகு எங்கிருந்து வரும்? ஆகவே அசாத்திய பலம். சுமார் 2 சதவீதம் இழுத்துவிட்டாலும் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். சாதாரணக் கட்டுமான எஃகு 0.2 சதவீதத்துக்குள்ளேயே நிரந்தரமாக நீண்டுபோகும்.

ஆனால் எஃகு நீண்டு காட்டும், நெளிந்து காட்டும். கீழே நிற்பவன் ஓடிவிடலாம். உலோகக் கண்ணாடியை எல்லை தாண்டி இழுத்தால், சில பத்து நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு பட்டையில் மட்டும் அணுக்கள் சறுக்கும். சறுக்கிய இடம் இன்னும் இளகும். இளகிய இடமே இன்னும் சறுக்கும். தடுக்க எதுவுமில்லை. பட்டுன்னு முடிந்துவிடும். இதை வைத்து நான் பாலம் கட்டமாட்டேன் (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்).

சூடாக்கிக் கொஞ்சம் படிகத்தை வரவழைத்தால்? கண்டபடி முளைப்பவை பெரும்பாலும் கடினமான, நொறுங்கும் படிகங்கள், நிலைமை மோசமாகும். தேவை மெத்தென்ற படிகம். 2008-ல் ஹாஃப்மனும் ஜான்சன் குழுவினரும் கண்ணாடிக்குள் கிளைவிட்ட மரம்போல மென்படிகங்களை வளர்த்தார்கள். ஓடிவரும் சறுக்குப்பட்டை அவற்றில் முட்டி நின்றது, வேறிடத்தில் புதுப்பட்டை பிறந்தது. இழுத்தால் 10 சதவீதத்துக்கும் மேல் நீண்டது.

எனக்குப் பிடித்தது அவர்களின் செய்முறைதான். பட்டை ஆபத்தான நீளத்துக்கு ஓடுமுன் ஒரு கிளையில் முட்டவேண்டும். கிளைகளும் பொடிசாக இருந்தால் பயனில்லை. அதனால் கலவையைப் பாதி உருகிய நிலையிலேயே வைத்திருந்து, மரங்கள் பருக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சட்டென்று குளிர்வித்தார்கள்.