உங்களுக்குத் தெரியுமா? வேர்டுக்குள் ஒரு பட்டாசுக் கடை!

மைக்ரோசாஃப்ட் வேர்டுக்குள் பட்டாசு இருக்கிறது! சத்தியமாக! 'டிசைன்' மெனுவுக்குப் போங்கள். 'பேஜ் பார்டர்ஸ்' அமுக்குங்கள். 'ஆர்ட்' என்று ஒரு பட்டியல் விரியும். ஆப்பிள், ஐஸ்கிரீம், கேக் துண்டு என்று உருட்டிக்கொண்டே போனால் நடுவில் நம்ம சிவகாசிச் சரக்கு! பக்கத்தின் நாலு ஓரத்திலும் வெடியை அடுக்கிவிடலாம்!

பட்டியலில் பெயர் எதுவும் இருக்காது. வெறும் படம்தான். பெயர் ஃபைலின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கிறது. 'ஃபயர்கிராக்கர்ஸ்'! அதே பட்டியலில் 'ஸ்கைராக்கெட்' என்று ஒரு ராக்கெட்டும் உண்டு!

வேர்டு ஃபைல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு உலகத் தரநிலையே இருக்கிறது. 2008இல் வந்த ஐ.எஸ்.ஓ. 29500. பார்டர் பெயர்கள் மொத்தமும் அதில் பதிவாகியிருக்கின்றன. ஆக, சர்வதேசச் சட்டதிட்டப் புத்தகத்திலேயே வெடியும் ராக்கெட்டும்! இதைச் சிவகாசிக்காரர்கள் யாராவது கொண்டாடினார்களா?

அந்தப் பட பார்டர்கள் 160-க்கும் மேல்! ஆனால் எதையும் 31 பாயிண்டுக்கு மேல் பெரிதாக்க முடியாது. காகித ஓரத்திலிருந்து பார்டரை எவ்வளவு உள்ளே தள்ளலாம்? அதற்கும் உச்சம் 31 பாயிண்ட்! சென்டிமீட்டரில் சொன்னால் 1.1தான்!

தீபாவளி நெருங்கும்போது ஒரு பட்டாசு விலைப்பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். பூராவும் பத்தி (வேர்டு மொழியில் 'காலம்ஸ்'), பூராவும் கட்டம்! 7 செ.மீ. மத்தாப்பு, 10 செ.மீ., 15 செ.மீ., 30 செ.மீ. என்று ஒரு பக்கம் இறங்கும். தரைச்சக்கரம், புஸ்வாணம், சாட்டை என்று இன்னொரு பக்கம். இதை வேர்டில் அடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் கூத்து!

முதல் கூத்து: பேஜ் பார்டருக்குப் பத்தி என்றால் என்னவென்றே தெரியாது! நீங்கள் இரண்டு பத்தி பிரியுங்கள், மூன்று பிரியுங்கள். அது பாட்டுக்கு முழுப் பக்கத்தையும் சுற்றி ஒரே வேலி போடும்!

ஒவ்வொரு பத்திக்கும் தனிக் கட்டம் வேண்டுமா? பாராவுக்குக் கட்டம் கட்டுங்கள். பாரா பார்டர் பத்தியின் அகலத்துக்குத் தக்கபடி சுருங்கிக்கொள்ளும்! பத்து பாராவைச் சேர்த்துப் பிடித்துக் கட்டினால் பத்தும் ஒரே பெட்டிக்குள்!

ஆனால் அந்தப் பத்தில் நடுவிலிருக்கும் ஒரே ஒரு பாராவை நூலளவு உள்ளே தள்ளிப் பாருங்கள். பெட்டி உடைந்து மூன்றாகிவிடும்! மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ராத்திரி பத்து மணிக்கு டி.டி.பி. கடையில் கேட்கும் புலம்பலில் பாதி இதுதான் என்பேன்!

இன்னொரு வேடிக்கை. பாரா பார்டர் எழுத்துக்கு வெளியே 4 பாயிண்ட் தள்ளி நிற்கும். அதாவது பத்தியின் எல்லையைத் தாண்டி எட்டிப் பார்க்கும்! இரண்டு பத்திக்கும் நடுவே வழக்கமான சந்து அரை அங்குலம், 36 பாயிண்ட். இந்தப் பக்கப் பெட்டி 4, அந்தப் பக்கப் பெட்டி 4 சாப்பிட்டுவிட்டால் மிச்சம் 28! சந்தை 8 பாயிண்டாகக் குறைத்தீர்களோ, இரண்டு பெட்டியும் முட்டிக்கொள்ளும்! இடமும் வலமும் 4 பாயிண்ட் இன்டென்ட் கொடுங்கள். பெட்டி சமர்த்தாக உள்ளே வந்துவிடும்!

பத்திகளுக்கு நடுவே கோடு போட 'லைன் பிட்வீன்' இருக்கிறது. ஒரு டிக் போதும்! ஆனால் அந்தக் கோட்டின் நிறத்தை மாற்ற முடியாது. தடிமனையும் மாற்ற முடியாது. இத்தனை வருஷமாக இதே பிடிவாதம்! சிவப்புக் கோடுதான் வேண்டும் என்றால் ஹெட்டருக்குள் போய்க் கையால் வரையுங்கள். எல்லாப் பக்கத்திலும் தானாக வந்து நிற்கும்!

மூன்று தடவை '-' தட்டி என்டர் அடியுங்கள். கோடு! மூன்று '=' தட்டினால் இரட்டைக் கோடு! மூன்று '~' தட்டினால் அலைக்கோடு! பத்திக்குள் தட்டினால் பத்தி அகலத்துக்கு மட்டும் ஓடும். அழிக்கத்தான் முடியாது என்பார்கள். முடியும்! அது கோடே இல்லை, மேல் பாராவின் கீழ் பார்டர். கர்சரை அந்தப் பாராவில் வைத்து கன்ட்ரோல்-க்யூ. காலி!

பத்தி பிரிப்பது நேற்றைய வித்தையா? குட்டன்பர்க் 1450களில் அச்சடித்த பைபிளே இரண்டு பத்திதான்! பத்திக்கு 42 வரி. பக்கத்துக்கு 84! ஓரத்துப் பூவேலை மட்டும் அச்சில் கிடையாது. கையால் வரைந்தார்கள்!

சிவகாசிக்கு அச்சு எப்படி வந்தது? அந்த ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டி என்றால் லேபிள் வேண்டும். லேபிள் என்றால் அச்சகம் வேண்டும். அப்புறம் காலண்டர், டைரி, நோட்டு! கட்டைவிரல் நீளத் தீப்பெட்டி லேபிளிலும் பார்டர் கட்டிய ஊர் இது!

லாட்டரிச் சீட்டு ஞாபகம் இருக்கிறதா? அதுவும் இங்கே அச்சானதுதான். ஓரத்தில் கண்ணைச் சுற்றவைக்கும் பின்னல் கோடுகள் அழகுக்கு மட்டும் இல்லை, கள்ளச் சீட்டு அடிப்பவனைத் திணறவைக்க! 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரிக்கே தடை!

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் என்ன விசேஷம்? அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகும் நாள்! தினசரிக் காலண்டரின் ஒரு தாளை உற்றுப் பாருங்கள். ராகு காலம், எமகண்டம், குளிகை, நல்ல நேரம், சூலம், ஆளுக்கொரு கட்டம்! நடுவில் யானை சைஸில் தேதி! இத்தனை பத்தி, இத்தனை பார்டர், எல்லாம் உள்ளங்கை அகலத்தில்! வருஷத்துக்கு இப்படி 365!

ஆனால் வேர்டு ஃபைலை அப்படியே ஆப்செட் அச்சகத்துக்குக் கொண்டுபோனால் முகம் சுளிப்பார்கள். ஏன் தெரியுமா? வேர்டின் நிறம் திரைக்கான நிறம். அச்சுக்கு நாலு பிளேட், நாலு மை. உங்கள் மெல்லிசான கறுப்பு பார்டர் மாற்றும்போது நாலு மையிலும் பிரிந்து உட்கார்ந்துகொள்ளும்! ஒரு பிளேட் முடியளவு நகர்ந்தாலும் கறுப்புக் கோட்டின் விளிம்பில் ரோஸும் நீலமும் எட்டிப் பார்க்கும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், சிரித்துவிடுவீர்கள்! வேர்டின் மிக மெல்லிய கோடு கால் பாயிண்ட். அதாவது 0.09 மில்லிமீட்டர்! அதற்குள் நாலு மையும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும்!

வேர்டில் உச்ச அளவுப் பக்கம் 22 அங்குலம். 'டபுள் கிரவுன்' தாள் 20-க்கு 30 அங்குலம். அந்த அளவில் ஒரு போஸ்டர்? வேர்டில் நடக்கவே நடக்காது!

ஆனால் பத்தி மட்டும் தாராளம். ஒரு பக்கத்தில் 45 வரை கேட்கலாம்! 22 அங்குலத்தை 45 கூறு போட்டால் ஆளுக்கு அரை அங்குலம்கூடத் தேறாது. அதற்குள் 'சந்திராஷ்டமம்' என்று அடித்துப் பாருங்களேன்!