பிக்-அப் வண்டிக்குப் பின் இருசு எண்ணெய்: மேல் திருகே முதல் திருகு!

ஒரு காலத்தில் தோட்டத்தில் சைக்கிள் வைத்திருந்தவரே வசதியானவர். இன்று செம்பனைக் குலை ஏற்றவும், காய்கறி கொண்டு போகவும், குடும்பத்தோடு கோவில் திருவிழாவுக்குப் போய்வரவும் பிக்-அப் வைத்திருக்கும் குடும்பங்கள் பல உண்டு. இஞ்சின் எண்ணெயைத் தவறாமல் மாற்றும் நம்மவர்களில் பலர், பின் இருசின் நடுவே பூசணிக்காய் போல் உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியலை மறந்துவிடுகிறார்கள்.

வளைவில் திரும்பும்போது, உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுத்து, இஞ்சினின் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுப்பதே டிஃபரன்ஷியலின் வேலை. உள்ளே இருக்கும் பல்சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியபடி பாரம் சுமப்பவை. எண்ணெய் கெட்டால் பற்கள் தேயும்; பிறகு ‘ஊய்’ என்ற ஓசை எழும். அப்போது பட்டறைக்கு ஓடுவது கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம்.

எப்போது மாற்றுவது?

வண்டியின் கைப்புத்தகம் சொல்லும் கணக்கே சரியான கணக்கு. ஆனால் பாரம் ஏற்றும் வண்டிக்கும், செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கும் முன்னதாகவே மாற்றுவது நல்லது. மழைக்காலத்தில் வெள்ளத்தில் இறங்கிய வண்டியை உடனே சோதிக்க வேண்டும். சூடான இருசு குளிர்ந்த நீரில் இறங்கியதும், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். எண்ணெய் பால் கலந்த தேநீர் போலிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அறிக.

வேலை செய்யும் முறை

பத்து நிமிடம் வண்டியை ஓட்டி எண்ணெயை இளஞ்சூடாக்குங்கள். சமதரையில் நிறுத்தி, இஞ்சினை அணைத்து, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பிக்-அப் உயரமான வண்டி. ஜாக் போடாமலே கையை நீட்டி வேலை செய்யலாம். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஜாக் சரிந்தால் உயிர் போகும்.

டிஃபரன்ஷியலில் இரண்டு திருகுகள் உண்டு. நடுப்பகுதியில் இருப்பது எண்ணெய் ஊற்றும் திருகு. அடியில் இருப்பது வடிக்கும் திருகு. சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டு, முதலில் மேல் திருகைக் கழற்றுங்கள். இதுதான் முக்கியம். கீழ்த் திருகைத் திறந்து எண்ணெய் முழுவதையும் வடித்த பிறகு, துருப்பிடித்த மேல் திருகு அசையவில்லையென்றால் என்ன செய்வது? எண்ணெய் ஊற்ற வழியில்லை. வண்டியை ஓட்டவும் முடியாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்க்க வேண்டிய குடும்பத்துக்கு அது பெரிய நஷ்டம். மேல் திருகு முதலிலேயே மறுத்தால், பழைய எண்ணெய் உள்ளேயே இருக்கிறது. வண்டியைப் பட்டறைக்கே ஓட்டிச் செல்லலாம்.

மேல் திருகு கழன்ற பிறகு, பேசின் வைத்துக் கீழ்த் திருகைத் திறந்து எண்ணெயை வடியவிடுங்கள். பல வண்டிகளில் இத்திருகின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் கவலை வேண்டாம். பல் உடைந்த துண்டுகள் இருந்தால் பட்டறைக்காரரிடம் காட்டுங்கள்.

காந்தத்தைத் துடைத்து, புது வாஷர் போட்டுக் கீழ்த் திருகை இறுக்குங்கள். கைப்புத்தகம் குறிப்பிடும் எண்ணெயையே வாங்குங்கள். பல பிக்-அப்களுக்கு அது ஜி.எல்-5 தரம். அதன் கடுமையான வாடைக்குக் காரணம், பற்களைக் காக்கச் சேர்த்த கந்தகம். கைப்பம்பு அல்லது ரப்பர் குழாய் வைத்த புனலால் மேல் துளை வழியே ஊற்றுங்கள். அத்துளையிலிருந்து எண்ணெய் மெல்ல வழியத் தொடங்கினால் போதும். மேல் திருகுக்கும் புது வாஷர் போட்டு மூடுங்கள். மறுநாள் அடியில் கசிவு உண்டா என்று பாருங்கள்.

பழைய எண்ணெய்

பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். அது நாம் மீன் பிடிக்கும் ஆற்றுக்கே போய்ச் சேரும். மலேசியாவில் 2005-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கழிவு எண்ணெயை அட்டவணைக் கழிவாகக் குறித்துள்ளன. மூடியுள்ள டின்னில் ஊற்றி, கழிவு எண்ணெய் சேர்க்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தாய்மார்களே, குளிர்பானப் புட்டியில் மட்டும் அதை ஊற்றி வைக்க விடாதீர்கள். குழந்தைக்கு எண்ணெய் எது, பானம் எது என்று தெரியாது.

அரைநாள் வேலைதான், நாமே செய்தால் கூலியும் மிச்சம். ஸ்பானரை எடுக்குமுன் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஊற்ற வழி திறந்த பிறகே வடிக்க வழி!