சாதுவான சிலந்திதான்... ஆனால் 25 வருஷத்துக்கு நீங்க ரெடியா? - டரான்டுலா வளர்ப்பவர்களின் உலகம்!

பாத்ரூம் சுவரில் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்தால் துடைப்பத்தைத் தேடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஆனால், உள்ளங்கை அகலத்தில், உடம்பெல்லாம் முடியோடு இருக்கும் சிலந்தியைக் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் குடிவைத்து, பெயரும் வைத்து வளர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறைய பேர் இருக்கிறார்கள். அந்தச் சிலந்திதான் டரான்டுலா. குரைக்காது, வாக்கிங் கூட்டிப்போகச் சொல்லாது, வாரத்துக்கு ஒன்றிரண்டு பூச்சி கிடைத்தால் போதும். ஃப்ளாட்வாசிகளுக்கு ஏற்ற செல்லப்பிராணி என்று தோன்றுகிறதா? கொஞ்சம் பொறுங்கள்.

புதிதாக வளர்க்க வருபவர்களுக்கு அனுபவசாலிகள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று, மெக்ஸிகன் ரெட் நீ. கறுப்பு உடம்பு, கால் மூட்டுகளில் மட்டும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. மெக்ஸிகோவின் பசிபிக் கடற்கரையை ஒட்டிய வறண்ட காடுகள்தான் பூர்விகம். வளையில் பதுங்கியிருந்து, பக்கத்தில் வரும் பூச்சியைப் பிடித்துத் தின்னும். சிலியைச் சேர்ந்த ரோஸ் டரான்டுலாவும் இதேபோல் ‘சாது’ என்று பெயர் வாங்கியது.

இந்த ‘சாது’ என்ற வார்த்தையில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாது என்றால் கடிக்காது என்று அர்த்தம் இல்லை. கடிக்க முடியும், விஷமும் உண்டு. ஆனால், இந்த இனங்களின் விஷம் பெரும்பாலானவர்களுக்குத் தேனீ கொட்டிய அளவு வலியோடு முடிந்துவிடும். அதுவும் கடைசி ஆயுதம்தான். பயந்தால் முதலில் ஓடப் பார்க்கும். ஓட வழியில்லை என்றால் பின்னங்கால்களால் வயிற்றை வேகமாக உரசி, கண்ணுக்குத் தெரியாத முள் முடிகளைக் காற்றில் பறக்கவிடும். தோலில் பட்டால் அரிப்பு. கண்ணில் பட்டால் கதை வேறு.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 2009-ல் 29 வயது இளைஞர் ஒருவர் கண் சிவந்து நீர் வடிகிறது, வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை என்று மருத்துவமனைக்குப் போனார். சொட்டு மருந்துக்குச் சரியாகவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது கருவிழியில் மெல்லிய முடிகள் குத்தி நின்றன. அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது... சிலந்தித் தொட்டியில் ஒரு கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ரோஸ் டரான்டுலா முகத்தை நோக்கி எதையோ தூவியது. ‘தி லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான சம்பவம் இது. சிலந்தி தப்பு செய்யவில்லை, தன் வீட்டுக்குள் நுழைந்த கையைப் பார்த்துப் பயந்தது, அவ்வளவுதான். தொட்டியைச் சுத்தம் செய்யும்போது கண்ணாடி அணிவதும், முடித்ததும் கையைக் கழுவுவதும் வளர்ப்பவர்களுக்குக் கட்டாயம்.

கையில் ஏற்றி போட்டோ எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு இன்னொரு விஷயம். இதில் ஆபத்து நமக்கு இருப்பதைவிட அதற்குத்தான் அதிகம். டரான்டுலாவின் வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி. மேஜை உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துச் செத்துப்போகலாம். நாய்க்குட்டி மாதிரி நம்மை அடையாளம் கண்டு குழைவதும் கிடையாது. அதைப் பொறுத்தவரை நம் கை, நகரும் ஒரு தரை. அதனால் அனுபவசாலிகள் பலர் தொடுவதே இல்லை. மீன்தொட்டியைப் பார்ப்பதுபோல உட்கார்ந்து பார்ப்பதோடு சரி.

வீடு அமைப்பதிலும் இதே கணக்குதான். உயரமான தொட்டி கூடாது, அகலம் இருக்கலாம். அடியில் வளை தோண்டுகிற ஆழத்துக்கு எதைப் போடுகிறார்கள் தெரியுமா? நம் பொள்ளாச்சிப் பக்கம் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் அதே தென்னை நார்த்தூள்! ஒளிந்துகொள்ள ஒரு மரப்பட்டை, சின்னக் கிண்ணத்தில் தண்ணீர், காற்றுப் போகத் துளைகள், இறுக்கமான மூடி. சாப்பாட்டுக்கு உயிரோடு ஒரு வெட்டுக்கிளியோ கரப்பானோ. (இந்த வரியைப் படித்ததும் பல வீடுகளில் திட்டம் கைவிடப்பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.)

புதியவர்களைப் பதறவைப்பவை இரண்டு. ஒன்று, உண்ணாவிரதம். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலந்தி திடீரென்று மாதக்கணக்கில் எதையும் தொடாது. ரோஸ் டரான்டுலா இதில் பேர்போனது. வயிறு சுருங்காமல் இருக்கும்வரை கவலையில்லை. இரண்டாவது, ஒருநாள் காலையில் பார்த்தால் மல்லாந்து கால்களை விரித்துக் கிடக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடக் கூடாது, அது சட்டை உரிக்கிறது! பாம்பு மாதிரி பழைய மேல்தோலை முழுசாகக் கழற்றிவிட்டு வெளியே வரும். அந்த நேரத்தில் தொடவே கூடாது. தொட்டியில் உயிருள்ள பூச்சி இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். புதுத்தோல் இறுகும்வரை, வழக்கமாக இரையாகும் வெட்டுக்கிளிகூட சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிட முடியும்.

எங்கிருந்து வாங்குகிறார்கள் என்பது முக்கியமான கேள்வி. அழகுதான் ரெட் நீக்கு வினையானது. கடைகளுக்காகக் காட்டிலிருந்து அள்ளப்பட்டதால், 1985-லேயே சைட்டிஸ் எனும் சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் இது வந்தது. பண்ணையில் பிறந்த குஞ்சுதானா என்று ஆதாரம் கேட்டு வாங்குவதுதான் அங்கே பொறுப்பான வளர்ப்பாளருக்கு அடையாளம்.

நம் பக்கத்துக் கதையும் அதேதான். ஆந்திராவின் கூட்டியில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்த ஒரு நீலநிறச் சிலந்திக்கு 1899-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள். பிறகு 100 வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 2001-ல் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் கண்டுபிடித்தார்கள். சில வருடங்களிலேயே வெளிநாட்டு சிலந்திப் பிரியர்களின் பெட்டிகளில் அது இருந்தது! இன்று அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களில் ஒன்று. இந்த வகை மரச் சிலந்திகள் ‘சாது’ பட்டியலிலும் வராது. மின்னல் வேகம், கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் படுத்தி எடுக்கும். எனவே, தோப்பில் பார்த்தால் ரசித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளிநாட்டு இனம் வாங்கலாமே என்றால், 2022-ல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டிஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். ‘எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்’ என்று விற்பவர் சொன்னால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

இனி, ஆயுள். ரெட் நீ ஆண் பருவத்துக்கு வரச் சில வருடங்கள் ஆகும்; அதன்பின் பெரும்பாலும் ஓரிரு வருடங்கள்தான். பெண்ணோ 20, 25 வருஷம்கூட வாழும். பத்து வயதுப் பிள்ளை அடம்பிடித்து வாங்கிய சிலந்தி, அவன் காலேஜ் போகும்போதும் இருக்கும், கல்யாணத்தின்போதும் இருக்கும். நடுவில் வெட்டுக்கிளி போடுகிற வேலை யார் தலையில் விழும் என்று அம்மாக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போதே ஆணா பெண்ணா என்று கேட்டுவிடலாமே என்றால், அதுவும் எளிதில்லை. பருப்பு அளவுக் குஞ்சைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கொஞ்சம் வளர்ந்ததும் அது உரித்துப்போடும் சட்டையை நனைத்து, விரித்து, உள்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். விந்தைச் சேமிக்கும் சின்னப் பை தெரிந்தால் பெண். அதாவது, உங்கள் வீட்டில் இன்னும் 20 வருஷத்துக்கு ஒரு மெம்பர் கூடுதல்.