வேலை வேண்டாம் என்றவர் 20 வருஷம் லீவே போடவில்லை!

1924-ம் ஆண்டு ஜனவரி மாதம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு முதல் லைப்ரேரியன் வந்து சேர்ந்தார். பெயர் ரங்கநாதன். சீர்காழிக்காரர். வயது 31.

சில வாரங்கள்தான் ஆயின. அவருக்கு வேலை கசந்துவிட்டது!

அதுவரை அவர் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுத்தவர். வகுப்பு நிறையப் பிள்ளைகள். கேள்வி, பதில், கலகலப்பு. இங்கேயோ பேச்சுத் துணைக்குக்கூட ஆள் இல்லை. பல்கலைக்கழக நூல் நிலையம் அப்போது எழும்பூரில், கன்னிமாரா நூல் நிலையக் கட்டடத்தில் இருந்தது. நாலா பக்கமும் அலமாரி. அலமாரி நிறையப் புத்தகம். படிக்க வருகிறவர்களோ மிகச் சிலர். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது சிறையில் இருப்பதுபோல் இருந்தது அவருக்கு.

இத்தனைக்கும் அந்தப் பதவிக்குச் சுமார் 900 பேர் மனுப் போட்டிருந்தார்கள். நூல் நிலைய வேலையை முறையாகப் படித்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ரங்கநாதனுக்கும் தெரியாது. பேட்டிக்குச் சில நாள் முன்பு கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை படித்தார், அவ்வளவுதான். வாத்தியார் சம்பளத்தைவிட இதில் சம்பளம் அதிகம். அதனால் வந்தார்.

பழைய வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று மேலிடத்தில் போய்க் கேட்டார். ஒரு சமரசம் ஏற்பட்டது. லண்டனுக்குப் போய் நூல் நிலையக் கலையைப் படித்து வருவது; திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், கணக்கு வாத்தியார் வேலைக்கே போய்விடலாம். சரி என்று கப்பல் ஏறினார்.

கடையில் கண்ட விளையாட்டுச் சாமான்

லண்டனில் பாடம் மட்டும் படிக்கவில்லை. ஊர் ஊராகப் போய் நூல் நிலையங்களைப் பார்த்தார். அங்கே தொழிலாளியும் படிக்க வந்தார். வீட்டுப் பெண்களும் வந்தார்கள். குழந்தைகளுக்குத் தனி இடமே இருந்தது. நம் ஊரில் ஏன் இப்படி இல்லை என்ற கேள்வி அவர் மனத்தில் விழுந்தது. வேலை பிடிக்கத் தொடங்கியது அங்கேதான்.

ஒரு நாள் செல்பிரிட்ஜ் என்ற பெரிய கடைக்குப் போனார். அங்கே 'மெக்கானோ' என்னும் விளையாட்டுச் சாமானைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரே பெட்டியில் துளை போட்ட இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், ஆணிகள், திருகுகள். அவற்றை ஒரு விதமாகப் பூட்டினால் வண்டி. கழற்றி வேறு விதமாகப் பூட்டினால் பாலம்.

குழந்தைகள் பொம்மையைப் பார்த்தார்கள். கணக்கு வாத்தியார் புத்தகத்தைப் பார்த்தார்! இப்படியே துண்டு துண்டாகச் சேர்த்துப் புத்தகங்களுக்கும் நம்பர் போட்டால் என்ன என்று தோன்றியது. கப்பலில் திரும்பி வரும்போதே வேலையைத் தொடங்கிவிட்டார். 1925-ல் சென்னை வந்தவர், கணக்கு வாத்தியார் வேலையைத் திரும்பக் கேட்கவில்லை.

நம்பரில் என்ன இருக்கிறது?

நூல் நிலையத்துப் புத்தகத்தின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். அது ஏதோ கிறுக்கல் அல்ல. புத்தகத்தின் விலாசம்!

காசநோய்க்கு நுரையீரலில் செய்யும் சிகிச்சை பற்றி ஒரு புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரங்கநாதன் முறையில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து மருத்துவத்தைக் குறிக்கும். 45 என்பது நுரையீரல். 421 காசநோய். 6 சிகிச்சை. இவற்றை வரிசையாகப் பூட்டினால் அந்தப் புத்தகத்தின் நம்பர் வந்துவிடும். துண்டுகளுக்கு நடுவே முக்காற்புள்ளி, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. ஆங்கிலத்தில் அதன் பெயர் கோலன். அதனால் இது கோலன் பகுப்பு முறை. 1933-ல் இது புத்தகமாக வெளிவந்தது.

அதற்கு முன்பு பல நூல் நிலையங்களில் நம்பர் அலமாரிக்குத்தான். ஐந்தாவது அலமாரி, மூன்றாவது தட்டு, பத்தாவது புத்தகம் என்று எழுதி வைப்பார்கள். அதே விஷயத்தைப் பற்றிப் புதுப் புத்தகம் வந்தால்? தட்டில் இடம் இராது. அது வேறு மூலைக்குப் போகும். அண்ணன் ஒரு தெருவில், தம்பி வேறு தெருவில்! தேடுகிறவர் திண்டாடுவார்.

சலிக்காத சில்லறை வேலைகள்

உட்கார்ந்து புத்தகம் படிப்பதுதான் லைப்ரேரியன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அவருக்குப் படிக்க நேரம் ஏது?

புதுக் கட்டு வந்தால் பிரித்துப் பார்க்க வேண்டும். பக்கம் குறைந்திருக்கிறதா, தலைகீழாகத் தைத்திருக்கிறதா என்று புரட்ட வேண்டும். பதிவேட்டில் வரிசை எண் போட வேண்டும். எந்த விஷயம் என்று தீர்மானிக்க வேண்டும். கஷ்டம் இதில்தான். பருத்திப் பூச்சியைப் பற்றிய புத்தகம் விவசாயத்தில் சேருமா, பூச்சி இயலில் சேருமா? யார் தேடி வருவார் என்று யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிறகு ஆசிரியர் பெயருக்கு ஒரு அட்டை, விஷயத்துக்கு ஒரு அட்டை என்று எழுத வேண்டும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அட்டைப் பெட்டி பல இடங்களில் மூலைக்குப் போய்விட்டது. யோசிக்கும் வேலை மட்டும் போகவில்லை.

தினமும் அலமாரி வரிசையைச் சரி பார்க்க வேண்டும். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம்தான். அது அறைக்குள்ளேயே இருக்கும். ஆனால் யார் கையிலும் கிடைக்காது. வேண்டுமென்றே வேறு தட்டில் ஒளித்து வைக்கிற பிள்ளைகளும் உண்டு. பரீட்சை நெருங்கினால் இந்தத் தந்திரம் அதிகம்!

மழைக்காலத்தில் பூஞ்சை. மற்ற நாளில் கரையான், ராமபாணப் பூச்சி. பிளேடால் பக்கத்தை அறுத்துப் போகிற படித்த பூச்சிகள் தனி!

வருகிறவர் கேட்பதும் எப்போதும் தெளிவாக இராது. நீல அட்டை போட்ட புத்தகம், போன வருஷம் பார்த்தேன் என்பார் ஒருவர். அவரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. மெல்லப் பேச்சுக் கொடுத்து, அவருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்த உதவியைச் செய்வதற்கென்றே ஆட்கள் வேண்டும் என்று ரங்கநாதன் வற்புறுத்தினார்.

பூட்டுக்கு விடுதலை

அந்தக் காலத்தில் அலமாரிக்குப் பூட்டு. சீட்டு எழுதிக் கொடுத்தால் சிப்பந்தி எடுத்து வருவார். புத்தகம் காணாமல் போனால் லைப்ரேரியன் தலையில் விடியும். அதனால் புத்தகத்தைக் காவல் காப்பதே வேலை என்று பலர் இருந்துவிட்டார்கள். அவர்கள்மேல் முழுக் குற்றமும் சொல்ல முடியாது, பயம் அப்படி.

ரங்கநாதன் வாசகர்களை அலமாரிகளுக்கு நடுவே நடக்க விட்டார். கையால் எடுத்துப் புரட்டட்டும். ஒன்றைத் தேடி வந்தவர் ஒன்பதைக் காணட்டும் என்பது அவர் எண்ணம். புத்தகம் இருப்பது பூட்டி வைக்க அல்ல, உபயோகிக்க என்பதை ஐந்து விதிகளில் முதல் விதியாகவே வைத்து, 1931-ல் ஒரு நூல் வெளியிட்டார். படிக்க வந்தவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அந்த ஐந்தில் ஒன்று. உலகம் முழுவதும் நூல் நிலையப் படிப்பில் இன்றும் இவற்றைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

1936-ல் கடற்கரை எதிரே பல்கலைக்கழக நூல் நிலையத்துக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது.

கல்யாண நாளிலும் வேலை!

நாளைக்கு 13 மணி நேரம் உழைப்பார், ஞாயிற்றுக்கிழமையும் வருவார், ஏறத்தாழ 20 வருஷம் லீவே எடுக்கவில்லை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். 1929-ல் சாரதா அம்மையாரை மணந்தார். அன்று பிற்பகலே நூல் நிலையத்துக்கு வந்துவிட்டாராம். அம்மையார் என்ன நினைத்தாரோ!

பொதுமக்களுக்கும் ஊருக்கு ஊர் நூல் நிலையம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று பல வருஷம் பாடுபட்டார். 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். வீட்டு வரியோடு நாம் கட்டும் நூலக வரி அதிலிருந்து வந்ததே.

1945-ல் சென்னையை விட்டுக் காசிக்குப் போனார். பிறகு டில்லி, பெங்களூர் என்று பல ஊர்களில் பணி. 1957-ல் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 1972-ல் காலமானார். அவர் பிறந்த நாளாகக் கொண்டாடும் ஆகஸ்டு 12, இந்தியாவில் நூலகர் தினம்.

சம்பளம் கூட என்று இந்த வேலைக்கு வந்தவர், பிற்காலத்தில் தம் சேமிப்பிலிருந்து 1 லட்சம் ரூபாயை எடுத்துச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். நூல் நிலையக் கலை சொல்லிக் கொடுக்க ஒரு பேராசிரியரை அமர்த்துவதற்காக. அந்தப் பதவிக்கு மனைவியின் பெயரையும் சேர்த்து, 'சாரதா ரங்கநாதன் பேராசிரியர்' என்று பெயர்.