அரியர் விழுந்தால் வக்கீல் ஆக முடியாதா?

செமஸ்டர் முடிவு வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "எத்தனை அரியர்?" சட்டக் கல்லூரிப் பிள்ளை என்றால் அடுத்ததும் உடனே வரும்: "இப்படிப் படிச்சா எப்படி வக்கீலாவே?" இந்த இரண்டாவது கேள்விக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 24-ஆம் பிரிவு பதிவுக்கு முக்கியமாகக் கேட்பவை இந்தியக் குடியுரிமை, 21 வயது, அங்கீகாரம் பெற்ற சட்டப் பட்டம், கட்டணம் ஆகியவை. மதிப்பெண் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். இதற்கு மேல் பார் கவுன்சில்கள் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, அரியர் உங்கள் வழியை அடைப்பதில்லை, பயணத்தைத் தாமதமாக்குகிறது. அந்தத் தாமதத்தை இலேசாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒரே ஒரு தாள் நின்றாலும் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் பதிவு இல்லை. கடைசி ஆண்டு வரை அரியரைச் சேர்த்து வைப்பவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பட்டம் தவிர, அகில இந்திய பார் தேர்வு ஒன்றும் இருக்கிறது. 100 கேள்விகள், தமிழிலும் எழுதலாம், குறிப்பெழுதாத சட்டப் புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம். பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்.

மதிப்பெண் எங்கே கணக்கில் வரும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் எல்.எல்.எம். சேர கிளாட் நுழைவுத் தேர்வு எழுத, பொதுப் பிரிவினருக்கு இளநிலைச் சட்டப் படிப்பில் 50 விழுக்காடு வேண்டும். சட்ட அதிகாரி வேலைக்கு 60 விழுக்காடு கேட்கும் பொதுத்துறை நிறுவனங்கள் உண்டு. பெருநகரங்களின் பெரிய சட்ட நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியல் முழுவதையும் புரட்டிப் பார்க்கும். உங்கள் கனவு இவற்றில் ஒன்று என்றால், எஞ்சியிருக்கும் செமஸ்டர்களில் சராசரி எவ்வளவு உயர முடியும் என்று இன்றே கணக்குப் போடுங்கள். நீதிபதி ஆவதுதான் ஆசை என்றால் கணக்கு வேறு. சிவில் நீதிபதி தேர்வுக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டு வக்கீல் தொழில் அனுபவம் வேண்டும் என்று 2025 மே 20-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதையில் உங்களுக்கும் தேர்வுக்கும் நடுவே சில ஆண்டு நீதிமன்ற வேலை இருக்கிறது; இந்த ஒரு செமஸ்டர் அதில் சிறு பங்குதான்.

இவ்வளவும் தெரிந்தாலும் முதல் சில நாள் தூக்கம் வராது, சோறு இறங்காது. அது இயல்பு. வாரங்கள் கடந்தும் தொடர்ந்தால், அல்லது உயிரை விடலாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே, 14416-ஐ அழையுங்கள். அது அரசின் டெலி மானஸ் உதவி எண், கட்டணம் இல்லை.

மனம் கொஞ்சம் அடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, விடைத்தாளைப் பார்ப்பது. மறுமதிப்பீட்டுக்கு முன்பே நகல் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, திருத்திய தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று 2011-இல், சி.பி.எஸ்.இ. தொடர்பான ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அந்த உரிமை பார்ப்பதற்கும் நகல் பெறுவதற்கும் மட்டுந்தான், மறுமதிப்பீட்டுக்கு அல்ல என்பதையும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது. நகல் கேட்டு எழுதும் அந்த விண்ணப்பம், சட்ட மாணவர் தனக்காகவே எழுதும் முதல் மனுவாகக்கூட அமையலாம்.

தாள் கைக்கு வந்ததும் குறைந்த மதிப்பெண் விழுந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தச் சட்டத்தில் அடிக்கடி வரும் வகை இது: 17 வயதுப் பையன், 19 என்று பொய் சொல்லிக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறான், கொடுத்தவர் நம்பிவிட்டார், பணம் திரும்புமா? பலரும் 1903-இன் மொஹோரி பீபி வழக்கின் கதையை இரண்டு பக்கம் எழுதி, 'மைனரின் ஒப்பந்தம் செல்லாது' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் அந்த வழக்கில் கடன் கொடுத்தவரின் ஆளுக்குப் பையன் மைனர் என்று தெரியும். கேள்வியில் வருபவருக்குத் தெரியாது. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, பொய் சொன்னதாலேயே மைனர் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட மாட்டான் என்று காட்டி, அவன் பெற்ற பயனைத் திருப்பித் தரச் சொல்ல, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963-இன் 33-ஆம் பிரிவு நீதிமன்றத்துக்குத் தரும் அதிகாரம் வரை போகிறவருக்குத்தான் மதிப்பெண். பெரும்பாலான தோல்விகளில் படிப்பு குறைவில்லை, படித்ததைக் கேள்வியின் சங்கதிகளோடு பொருத்துவதுதான் குறைவு என்பது என் எண்ணம். அதைப் பழக்கத்தால் சரிசெய்யலாம். அதே கேள்விக்கு மறுபடி விடை எழுதி, ஆசிரியரிடமோ, ஒரு சீனியரிடமோ காட்டுங்கள்.

சி.பி.சி. என்னும் உரிமையியல் நடைமுறைச் சட்டத் தாளில் அரியர் என்றால் இன்னொரு வழி: விடுமுறையில் ஒரு வாரம் உங்கள் ஊர் முன்சீப் கோர்ட்டில் போய் உட்காருங்கள். நீதிமன்றம் பொதுவாக எல்லோருக்கும் திறந்ததுதான். எதிர்வழக்குரை தாக்கல் செய்ய 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்ற எட்டாம் ஆணை, புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் நழுவும். பதில் தாக்கலுக்கு இன்னொரு வாய்தா கேட்டு ஜூனியர் எழுந்து நிற்கும்போது, வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து பின்பெஞ்சில் காத்திருக்கும் வாதியின் முகத்தைப் பார்த்தவருக்கு அது பிறகு மறக்காது.